சுவரிலிருந்து இறங்கிய நீலக் கோட்டு

கறுப்பின எழுத்தாளர்களின் புதிய நாவல்களையும் தன்வரலாறுகளையும் படிக்கச் சொல்லி நான் நச்சரிக்காத நண்பர் கிடையாது. லண்டனில் பஸ் ஓட்டும் அப்பாவைப் பற்றி ஒரு மகள் எழுதிய தடிமனான நாவலைக் கொடுத்து, சக ஆசிரியர் ஒருவரை அழவே வைத்திருக்கிறேன். லாகோஸில் மாமியாரோடு மல்லுக்கட்டும் வங்கிக்காரியின் கதையைச் சொன்னபோது என் மனைவி, "இவ எங்க களம்பூர்லதான் பொறந்திருப்பா" என்றாள்.

என்னைப் பயமுறுத்தியது ஒரே ஒரு புத்தகம். அதில் பேயும் இல்லை, கொலையும் இல்லை. ஓர் அமெரிக்கப் பெண் தன் வீட்டை விற்ற கதை. விலை மதிப்பிட ஆள் வருவதற்குள், சுவரிலிருக்கும் குடும்பப் படங்களையெல்லாம் கழற்றிக் காருக்குள் வைத்துப் பூட்டுகிறார். கறுப்பர் வீடு என்று தெரிந்தால் விலை இறங்கிவிடும்.

அந்தப் பக்கத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டிக் கண் கலங்கிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்காரர் போன் செய்தார். மாடி ஒழுகுவதைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறாராம்.

நாங்கள் இருப்பது ஆரணியில், தறிச் சத்தம் கேட்கும் தெருவில், வாடகை வீட்டில். சொந்த ஊரான வெம்பாக்கத்தில் எங்கள் வீடு ஊருக்கு வெளியே காலனியில். அது தெரிந்ததும், முன்பு நாங்கள் பார்த்த வீடுகளுக்கெல்லாம் திடீரென்று உறவுக்காரர்கள் குடிவரப்போவதாகச் சொன்னார்கள். அத்தனை பேரும் நிஜமாகவே வந்து இறங்கியிருந்தால் ஆரணி பஸ் ஸ்டாண்டு தாங்கியிருக்காது. இந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். வெம்பாக்கத்தில் எந்தப் பக்கம் என்று அவர் கேட்டபோது, பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று சொல்லித் தப்பித்திருந்தேன். இப்போது அக்ரிமெண்டைப் புதுப்பிக்கும் நேரம். மகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்.

கூடத்துச் சுவரிலோ நீலக் கோட்டும் கண்ணாடியுமாக, அரசியல் சட்டம் எழுதியவரின் படம். மனைவி அப்போதுதான் வாங்கி மாட்டியிருந்தாள். நாங்கள் யார் என்று சொல்ல அது ஒன்று போதும்.

ஸ்டூல் மேல் ஏறினேன். படத்தை இறக்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். அந்த ஆணியில் பட்டுச்சேலைக் கடைக் காலண்டரை மாட்டினேன்.

"அந்தம்மா பாவம்னு இப்பதானே அழுதீங்க?" என்றாள் மனைவி.

"ஜல்தியா அந்த டிரம்ம நவுத்து" என்றேன்.

வீட்டுக்காரர் ஒழுகும் கூரையைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். அது கோணலாகத் தொங்கியது. கிளம்பும்போது மேசையிலிருந்த புத்தகத்தைக் கையில் எடுத்து, நன்றாக இருக்குமா என்று கேட்டார். பழக்கதோஷம், என் வாய் முந்திக்கொண்டது: "அவசியம் படிக்கணுங்க."

கொண்டுபோய்விட்டார். அந்தப் பக்கத்தின் மூலையை நான் மடித்து வைத்திருந்தது கேட் சாத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே மனைவி படத்தைத் திரும்ப மாட்டிவிட்டாள். அந்த வாரம் முழுக்க, இப்போது எந்தப் பக்கத்தில் இருப்பார் என்று கணக்குப் போட்டேன். வகுப்பில் போன் அடித்தால் பாடத்தை நிறுத்திவிட்டு அவரா என்று பார்த்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் குரலை அவர் குரலிலேயே எனக்குள் பலமுறை கேட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சொல்லாமலே கேட் திறந்தது. நான் ஸ்டூலைத் தேடினேன். மனைவி அதன் மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருப்பவளாகத் தெரியவில்லை.

உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"அன்னைக்கு இவர எங்க வச்சிருந்தீங்க?"

அந்த நேரத்தில் ஒரு பொய்கூட வரவில்லை. "அரிசி டிரம்முக்குப் பின்னாடிங்க."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை மேசைமேல் வைத்தார். "லோனு குடுக்க நானும் எத்தினியோ வீட்டுக்கு மதிப்பு போட போயிருக்கேன் சார். மொதல்ல பாக்கறது சுவத்ததான்."

நல்லதற்குச் சொன்னாரா கெட்டதற்கா, இன்றுவரை தெரியாது. மனைவி கொடுத்த காபியைக் கடைசிவரை குடித்தார். அக்ரிமெண்டு பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எழும்போது, இதே மாதிரி வேறு இருக்கிறதா என்றார்.

அவர் போனதும் மனைவி, "வாய தொறந்து கேக்க வேண்டியதுதானே?" என்றாள்.

"அந்த புக்க முடிக்கட்டும்" என்றேன். நான் கொடுத்தனுப்பியது லண்டன் பஸ்காரர் கதை. அலமாரியில் இருந்ததிலேயே தடிமனானது அதுதான்.