பதினோரு பிள்ளைகளுக்கு ஒரே பிறந்த நாள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெற்றவர்களைக் கேட்காமல் பதினோரு பிள்ளைகளை ஒரே நாளில் பிறக்க வைத்த முட்டாள் நான்தான். எல்லாம் ஒரு மைப்பேனாவால் செய்த வேலை. வலி எனக்கு இல்லை என்பதால் கை தயங்கவே இல்லை.

1966 ஜூன் மாதம். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர், உதவி ஆசிரியர், மணி அடிக்கிறவர் மூவரும் நானே. எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் பிறந்த தேதி கேட்டால், "அஞ்சு வயசு இருக்குமுங்க" என்பார்கள். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்டும். தொட்டுவிட்டால் வயது சரி. தேதி போடுவது வாத்தியார் பாடு. எனக்கு முன்னால் இருந்தவர் எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். பதிவேட்டைப் புரட்டியபோது அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. இவ்வளவுதானா கற்பனை?

எனக்கு அப்போது ஒரு பைத்தியம். எந்தத் தேதியில் உலகத்தில் என்ன நடந்தது, யார் பிறந்தார் என்று நாள்வாரியாக ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பேன். லீவு விட்டால் தருமபுரி நூலகம்தான். ஏதோ பெரிய பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்து நூலகர் ஃபேனுக்குக் கீழே இடம் ஒதுக்குவார். அந்த நோட்டில் அக்டோபர் இரண்டாம் தேதிக்கு மட்டும் பக்கம் போதாமல் ஒட்டுப் போட்டிருந்தேன். தேசப்பிதா பிறந்த நாள். பிரதமராக இருந்த இன்னொருவரும் அன்றுதான் பிறந்தார். கிராமங்களுக்கு பி.டி.ஓ. ஜீப்பு வரக் காரணமான சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கியது அன்றுதான். ஆப்பிரிக்காவில் கினியா விடுதலை அடைந்ததும், எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஜெருசலேம் ஒரு சுல்தான் கைக்கு வந்ததும் அதே தேதி. இதற்கெல்லாம் மேலாக, சேலத்திலிருந்து பிரிந்து எங்கள் தருமபுரி ஜில்லா பிறந்ததும் முந்தின வருடம் அதே அக்டோபர் இரண்டு.

இப்பேர்ப்பட்ட நாள் இருக்கும்போது ஜூன் ஒன்றாவது, மண்ணாவது. அந்த வருடம் தேதி தெரியாமல் வந்த பதினோரு பிள்ளைகளுக்கும் 2.10.1960 என்று முத்து முத்தாக எழுதினேன்.

முதல் புகார் கறிக்கடை பாயிடமிருந்து வந்தது. அவர் மகனும் பதினொன்றில் ஒருவன். சுல்தான் கதையைச் சொன்னபோது குளிர்ந்துபோனவர், அக்டோபர் வந்ததும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏன் சார், வருசத்துல எங்க கடைய சாத்தச் சொல்ற நாளாப் பாத்து எம்பையனப் பொறக்க வெச்சிருக்கீங்களே, அன்னிக்கி பிரியாணிக்கு நான் எங்க போவேன்?"

சிரித்து அனுப்பிவிட்டேன். பத்து வருடம் நன்றாகத்தான் போயிற்று.

1976இல் ஒரு மத்தியானம் ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றார். கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். பின்னால் அவர் மகள், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவள்தான்.

"சார், எம்பொண்ணு என்னிக்கிப் பொறந்தான்னு உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றார் அம்மாள். "வந்து பாத்தீங்களா?"

"நான் அப்ப இந்த ஊருக்கே வரலீங்களே."

"அதத்தான் கேக்கறேன்."

விஷயம் இதுதான். பெண்ணுக்கு நர்சு பயிற்சியில் சேர ஆசை. அதற்குப் பதினேழு முடிந்திருக்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா சொல்லியிருக்கிறார். என் அக்டோபர் இரண்டின்படி அடுத்த ஜூலையில் மூன்று மாதம் குறைகிறது. பதினொன்றோடு பள்ளிப் படிப்பு முடிகிற காலம் அது; இறுதிப் பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் இந்த மாதக் கடைசியில் போய்விடும். போய்விட்டால் தேதியை மாற்ற முடியாது.

"அடுத்த வருசம் சேந்துக்கலாமேங்க" என்றேன்.

"ஒரு வருசம் வூட்ல ஒக்காந்தா இவ மாமன் தாலியோட வந்து நிப்பான். எந்தம்பிதாங்க. நல்லவன்தான். ஆனா அவ போவட்டும்."

நான் என் நாளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். "சாதாரண நாள் இல்லீங்கம்மா அது. நம்ம ஜில்லாவே அன்னிக்கித்தான் பொறந்துது."

"ஜில்லாவுக்கு நர்சு வேல வேணாம் சார். எம்பொண்ணுக்கு வேணும்."

அதற்கு மேல் பேச என்னிடம் வரலாறு இல்லை. உண்மையான நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"பெத்தவளுக்கு இல்லாமயா? மாசி மாசம், ஊரே தீர்த்தமலத் தேருக்கு வண்டி கட்டிப் போயிடுச்சு. மருத்துவச்சியும் போயிட்டா. தனியாக் கெடந்து பெத்தேன். சேக்க வந்தன்னிக்கே இத சொல்ல வாயெடுத்தேன். நீங்க யாரோ சுல்தான் கதைய சொல்லிக்கிட்டிருந்தீங்க."

மறுநாளே கிளம்பினோம். மணியக்காரர் எழுதி வைக்கிற பிறப்புப் பதிவேடு தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டதாம். அங்கே ஆவண அறை குமாஸ்தா கையை விரித்தார். "தேதி இல்லாம எதத் தேடறது? வருசம் பூராத்தான் பொறந்துக்கிட்டே இருக்காங்க."

அன்றுதான் என் பைத்தியத்துக்கு ஒரு பிரயோஜனம் வந்தது. கோயில் குருக்கள் வீட்டுப் பரணில் ஏறி, அவள் பிறந்த விகாரி வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து, தேர் ஓடியிருக்கக்கூடிய நான்கு நாட்களை இங்கிலீஷ் தேதியாக்கிக் குறித்துக் கொடுத்தேன். அப்படியும் குமாஸ்தா இரண்டு முறை நாளை வரச் சொன்னார். மூன்றாம் முறை அம்மாள் களியும் புளிச்சாறும் கட்டிக்கொண்டு வந்து ஆவண அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இங்க ஒக்காந்தா கெடைச்சிருமா ஆத்தா?" என்றார் குமாஸ்தா.

"எந்திரிச்சா கெடைக்காது."

சாயங்காலத்துக்குள் கிடைத்தது. மார்ச் மாதத்தில் ஒரு நாள். தகப்பன் பெயர், ஊர், 'பெண்' என்று ஒரே வரி. பத்து வருடத்துக்கு முன்னால் நான் ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணியக்காரர் வீட்டுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் வரி. ஆப்பிரிக்கா வரை போனவன், பக்கத்துத் தெருவுக்குப் போகவில்லை.

நகலோடு கல்வி அலுவலகத்துக்குப் போனோம். முதலில் தவறாக எழுதிய ஆசிரியரின் விளக்கக் கடிதம் வேண்டும் என்றார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். அந்த நாளின் மகிமை, மாணவர் மனத்தில் ஊட்ட வேண்டிய லட்சியம், எல்லாம் அதில் இருந்தது. அதிகாரி பாதிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏன் போட்டீங்கன்னு கேக்கல. யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"யாரையும் கேக்கலீங்க சார்."

"அத எழுதுங்க."

'பெற்றோரை விசாரிக்காமல் நானாகவே எழுதிய தேதி' என்று ஒற்றை வரி. அது என் பணிப்பதிவேட்டிலும் ஏறும் என்றார். பேனாவை மூடிவிட்டு நாளை வருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அம்மாள் நின்றிருந்தார். கோபமாகக்கூட இல்லை. பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன். பட்டியல் போவதற்கு மூன்று நாள் முன்னால் திருத்தம் ஏறியது.

அதோடு விடவில்லை. மிச்சம் பத்துப் பேர் வீட்டுக்கும் போய் விசாரித்தேன். நான்கு பேருக்கு மாற்றினோம். ஐந்து வீட்டில் "இதே இருக்கட்டும் சார், ஞாபகம் வெச்சிக்க சுலுவா இருக்குது" என்றார்கள். பாய் மட்டும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசிக்கிறார்.

பெண் தேறினாள், தேர்வும் ஆனாள். 1977இல் சேலத்துக்குப் புறப்பட்ட காலையில் காரிமங்கலம் பஸ் நிறுத்தத்துக்கு நானும் போனேன். தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மாள் முறுக்குப் பொட்டலத்தை எங்கே திணிப்பது என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாத்தியார் என்று வந்துவிட்டு நாலு வார்த்தை சொல்லாமல் எப்படிப் போவது?

"ஏம்மா, எப்பேர்ப்பட்ட பெரியவங்க பொறந்த நாள உனக்குக் குடுத்தேன்" என்று ஆரம்பித்தேன். "அத விட்டுட்டு யாருக்குமே தெரியாத ஒரு மாசி மாசத்து நாளுக்குப் போயிட்டியே. கொஞ்சமாவது வருத்தம் இருக்குதா, இல்லியா?"

அவள் குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

"பஸ் வந்துருச்சுங்க சார்."