கிணற்றின் தலையில் ஓர் ஏரியல்

பாவாவின் முகத்தைப் பார்க்காமல் கிணற்றைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பொட்டியை வாங்கினேன்.

திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரே கிணறு, இரண்டு மோட்டார். காலை அவர்களுக்கு, மாலை எங்களுக்கு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு காய்ந்த கோடையில் என் முறையின்போது மோட்டார் காற்றை உறிஞ்சியது. அக்கா கணவரான பாவாவைத் திருடன் என்று நினைக்க எனக்கு அது போதுமாயிருந்தது.

கிணற்றுக்குள் தொங்கும் கம்பியை விட்டுத் தண்ணீர் இறங்கினால் கிணற்றுச் சுவரிலுள்ள பொட்டி ஒயர் இல்லாமலே சேதி அனுப்பும், வீட்டுக்குள்ளிருக்கும் பொட்டி கத்தும் என்றார் அரக்கோணத்துக் கடைக்காரர். ஏரியல் முளைத்ததைப் பார்த்துப் பாவா சிரித்தார். "இன்னாடா, கெணத்துக்கு செல்போன் வாங்கிக் குட்த்துக்கினு கீறியா?"

மறுநாளே கத்தியது. சோற்றில் கை வைத்த நேரத்தில், வெயில் உச்சியில் நின்ற நேரத்தில், கத்தியது. கத்தக் கத்த எனக்குள் ஒரு கெட்ட ருசி ஊறியது. மலைக்கோயிலுக்குக் கூட்டம் வரும் கிருத்திகை நாட்களில் ஓயவேயில்லை. எழுந்து போய் எட்டிப் பார்க்கவில்லை. பத்தடிதான், ஆனால் எதிரே அவர் நிற்பார்.

ஒருநாள் அவர்கள் குழாயைக் கிணற்றிலிருந்து உருவி அவர்கள் வாசலில் எறிந்தேன். தெரு பார்த்தது. அக்கா வந்தாள்.

"ஒம் மொறையில நாங்க சுச்சையே தொடலடா. வந்து உள்ள பாரு."

"அப்ப பொட்டி பொய் சொல்லுதா?"

"அப்ப நான்தான் சொல்றனா?"

ஆங் என்றேன். அதன்பின் அவள் தெருப் பம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தப்பட்டேன் என்று இப்போது எழுதினால் அது பொய்.

குழாய் போன பிறகும் பொட்டி கத்தியது. வாளி விட்டு இறைக்கிறார்கள் என்று நினைத்தேன். வெறுப்புக்குப் பதில் கிடைக்காத கேள்வியே கிடையாது.

அடுத்த கிருத்திகையன்று அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மணவூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போனார்கள். காலையிலிருந்தே பொட்டி அலறியது. பூட்டைப் பார்த்தேன். பிறகு முதல்முறையாகக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். நடுவில் பெய்த மழையில் கம்பி ஒரு முழம் மூழ்கிக் கிடந்தது.

மொட்டை மாடிக்கு ஏறினேன். பின்தெரு லாட்ஜின் தொட்டிமேல் அதே வெள்ளைப் பொட்டி, அதே ஏரியல். கீழே முடியிறக்கிய பக்தர்கள் சொம்பு சொம்பாக ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தொட்டி வற்ற வற்ற என் வீடு அலறிக்கொண்டிருந்தது.

குழாயை நானே திரும்ப இறக்கினேன். சாயந்திர ரயிலில் வந்தவர்கள் அதைப் பார்த்து நின்றார்கள்.

"லாட்ஜு பொட்டியோட சிக்னலு எங்கூட்டு பொட்டில..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா கையமர்த்தினாள். "உள்ள பாத்தியா?"

"பாத்தேன்."

"ரெண்டு மாசம் ஆயிச்சு ஒனக்கு, பத்தடி நடக்க."

பாவா குழாயை மேலே இழுத்துச் சுருட்டினார்.

அந்த வாரமே அவர்கள் கொல்லைக்கு போர்வெல் லாரி வந்தது. இரண்டு நாள் எங்கள் சுவர் அதிர்ந்தது, அலமாரிப் பாத்திரங்கள் நகர்ந்தன. சாம்பல் நிறச் சேறு வேலிக்கடியில் புகுந்து எங்கள் துணி துவைக்கும் கல்வரை வந்து நின்றது. மண்வெட்டியோடு போய் வாய்க்கால் வெட்டிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள். சேற்றைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.