அடைப்பு நட்சத்திரம் பார்க்காத வீடு

என் பெயர் சிதம்பரநாதன். திண்டுக்கல்லில் வழக்கறிஞர், வயது ஐம்பது. வீடற்றோருக்கான நம் காப்பகத்தின் செயற்குழுவில் அதன் தொடக்கம் முதல் இருந்து வருகிறேன். சென்ற மாதம் காலமான திரு. சவரிமுத்து அவர்களைப் பற்றி, அவரை அறிந்த உங்களுக்கு, நான் கண்டதைப் பிழையின்றிச் சொல்லிவைப்பதே இதை எழுதுவதன் நோக்கம். புகழ்வது என் நோக்கமன்று.

நீதிமன்றத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, காப்பகத்துக்கு ஆட்டோ ஓட்டும் காஜா தொலைபேசியில் அழைத்தார். “சார், சவரிமுத்து அய்யா மவுத்தாயிட்டாக. காலையில டீ குடிச்சிட்டுச் சாஞ்சவுக எந்திரிக்கவே இல்ல” என்றார். கையிலிருந்த கேஸ் கட்டை மேசையில் வைத்தேன். “சார், இருக்கீகளா? பதறாம வாங்க, நீங்க வராம எடுக்க மாட்டாக” என்று அவரே எனக்கு ஆறுதலும் சொன்னார்.

சவரிமுத்து இரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடைமேடையில் படுத்திருப்பவர்களைப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் முதலில் கேட்டது, “ஏன் இங்கே படுத்திருக்கிறீர்கள்?” என்பதுதான். அவர் மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எந்த ஊரு, அப்பு?” என்பார். காரணம் கேட்டேன். “ஏன்னு கேட்டா, வக்கீல் சார், அவன் கூண்டுல நிக்கிற மாதிரி பதில் சொல்லணும். ஊரக் கேட்டா, மழை தண்ணி உண்டான்னு செத்த நேரம் பேசலாம்ல” என்றார்.

தொண்ணூறுகளின் இறுதியில் காப்பகம் தொடங்கியபோது, ஒருவரைத் தெருவிலிருந்து அழைத்து வருவதுதான் கடினமான வேலை என்று நினைத்திருந்தோம். அது தவறு. குளிக்க வைத்து, மருத்துவரிடம் காட்டி, மண்டியில் ஒரு வேலை தேடிக் கொடுத்துவிடலாம். காப்பகத்திலிருந்து அவரை ஒரு வாடகை அறைக்கு அனுப்புவதுதான் கடினம். அப்படிப் போனவர் அங்கே நிலைப்பது அதைவிடக் கடினம்.

தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரரான பழனிச்சாமிக்கு அறை கிடைத்த அன்று, “ஏனுங்க, சாவிய நானே வெச்சுக்கறதுங்களா?” என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துக் காப்பகத்தின் வராந்தாவுக்கே திரும்பி வந்து படுத்துக்கொண்டார். தனியாகத் தூக்கம் வரவில்லையாம். குடியமர்ந்தவருக்குக் காப்பகத்தில் இடம் தரக் கூடாது என்பது விதி. விதியை நான் எடுத்துச் சொன்னேன். சவரிமுத்து மறுக்கவில்லை. தம் பாயைச் சுருட்டிக்கொண்டு பழனிச்சாமியுடன் அந்த அறைக்கே போய்த் தங்கிவிட்டார். “நீங்க வீட்டுக்குப் போங்க சாமி, உங்க குறட்டைக்கு ரயில்வே ஸ்டேசனே தேவலைங்க” என்று பழனிச்சாமி விரட்டிய பிறகுதான் திரும்பினார்.

இனி, நான் சொல்ல வந்த பொன்னுத்தாயின் செய்தி. குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டு வந்து, பேருந்து நிலையத்தில் சில ஆண்டுகள் படுத்துக் கிடந்தவர். காப்பகத்துக்கு வந்தபின் மண்டியில் வெங்காயம் தரம் பிரிக்கப் போனார். அவருக்காகக் கோமதி அம்மாள் என்பவரின் வீட்டுப் பின்கட்டு அறையைப் பார்க்க நானும் சவரிமுத்துவும் போனோம். அந்த அம்மாள் மனிதத்தன்மை இல்லாதவர் அல்லர். வாடகையைப் பற்றியோ சாதியைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“வயசான பொம்பளை. நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? அவிட்டத்துல கிவிட்டத்துல போய்ச் சேந்துட்டா ஆறு மாசம் அடைச்சுப் போடணுமே. வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு சார்” என்றார்.

சில நட்சத்திரங்களில் இறப்பு நேர்ந்தால் உயிர் பிரிந்த அறையை மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அடைப்பு என்பார்கள். ஊரில் பாதி வீடுகள் நம்மவர்களுக்குக் கிடைக்காமல் போனது இந்த அச்சத்தால்தான். கிறிஸ்தவரான சவரிமுத்து சிரித்தார். “நாங்க கோயில்காரவுகம்மா, வேதக்கோயில். எங்க வீட்டுல நட்சத்திரம் பாக்குறதில்ல. அந்தம்மாவுக்கு முடியாமப் போனாச் சொல்லி விடுங்க. கடைசி மூச்சு எங்க வீட்டுலதான். இது என் வாக்கு.”

சாவி உடனே வந்தது. அதன் பிறகு அந்த வாக்கு அவர் போகுமிடமெல்லாம் கதவைத் திறந்தது. பலர் அவருடைய வீட்டிலிருந்துதான் இறுதிப் பயணம் போனார்கள். அவர் மனைவி, “எங்க வீட்டுக்கு விருந்தாளுக வாரதவிடப் பாடை வாரதுதான் ஜாஸ்தி” என்பார். சொல்லிக்கொண்டே வெந்நீர் வைப்பார்.

பொன்னுத்தாய் அந்த அறையில் ஏழெட்டு ஆண்டுகள் இருந்தார். நாங்கள் போனால் சாப்பிடாமல் விட மாட்டார். “அண்ணே, உக்காருங்க, சோறும் வெஞ்சனமும் இருக்கு. வக்கீல் சாருக்கு அம்புட்டுப் போதுமா? கேஸு கட்டையே தூக்க மாட்டீகளே” என்று கேலி வேறு. சவரிமுத்து இரண்டாவது முறையும் சோறு வாங்கிக்கொள்வார். அடுத்தவருக்குப் பரிமாற முடிகிறபோதுதான் ஓர் அறை வீடாகிறது என்று வெளியே வந்ததும் என்னிடம் சொல்வார்.

பிறகு பொன்னுத்தாய் நோயில் விழுந்தார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். கோமதி அம்மாள் பேசியிருந்தபடி சொல்லி அனுப்பினார். காஜாவின் ஆட்டோவில் போனோம். பொன்னுத்தாய்க்கு நினைவு தெளிவாக இருந்தது. நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்பது பார்த்ததும் புரிந்துவிட்டது.

“அண்ணே, நான் எங்க வீட்டுலேயே கெடக்குறேன்” என்றார். சவரிமுத்து ஏதோ சமாதானம் சொன்னார். “பஸ் ஸ்டாண்டுல போலீஸ்காரன் எந்திரி, எந்திரிம்பான். எந்திரிச்சேன். இப்ப நீங்களுமாண்ணே?”

கோமதி அம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். சவரிமுத்து அவரையும் பார்த்தார், பொன்னுத்தாயையும் பார்த்தார். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அவரும் காஜாவும் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். ஆட்டோ கிளம்பும் வரை பொன்னுத்தாய் அந்த அறைக் கதவையே பார்த்து அழுதார். மறுநாள் சவரிமுத்துவின் வீட்டில் உயிர் பிரிந்தது.

அடக்கத்துக்குக் கோமதி அம்மாள் வந்தார். மாலை போட்டுவிட்டு, சவரிமுத்துவிடம் வந்து நின்றார். “அது அழுததப் பாத்ததுக்கப்புறம் எனக்கு மனசே இல்லண்ணே. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இருக்கட்டும்னு சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல, நானும் வாயத் தொறக்கல” என்றார். சவரிமுத்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அது வணக்கமா மன்னிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், இந்த வாக்கை இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவர் கேட்டார். வாக்கு இல்லையென்றால் அறை இல்லை, அறை இல்லையென்றால் காப்பகத்தில் காத்திருப்பவர்கள் அங்கேயே கிடப்பார்கள் என்று பதில் சொன்னோம். அது உண்மைதான். அவரும் ஒப்புக்கொண்டார். “சரிதான். அப்ப வார்த்தைய நீங்க குடுங்க. இது உங்க வீடுன்னு சொல்லிட்டு, சாகுறப்ப எந்திரின்னு சொல்ல இனி என்னால ஏலாது” என்றார். கோபமில்லை, குரல்தான் தாழ்ந்திருந்தது.

நடைமுறை இன்றும் தொடர்கிறது. அவருடைய வீட்டுக்குப் பதிலாகக் காப்பகத்தின் பின்னறை, அவ்வளவே மாற்றம். அவரோ இறுதிவரை, அந்த வாக்கைக் கேட்காமல் அறை தரும் உரிமையாளர்களைத் தேடித் தெருத்தெருவாக நடந்தார். தாடிக்கொம்பு வரை போய்ப் பார்த்தார். மிகச் சிலரே இசைந்தார்கள். “இல்லேன்னு சொல்றவுகளையும் தப்புச் சொல்லாதீங்க சார், பயம் எல்லாருக்கும் பொது” என்பார். அந்தச் சிலரின் அறைகளில் குடியிருந்து, அங்கேயே கண்மூடியவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகம் சற்றுத் தெளியும். பொன்னுத்தாயின் பெயரை அவர் பிறகு என்னிடம் எடுத்ததே இல்லை.

வாக்குத் தவறியவர்கள் வருந்துவதைத் தொழில் முறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். வாக்கைக் காப்பாற்றியதற்காக ஆயுள் முழுதும் வருந்திய மனிதர் இவர் ஒருவரே. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த வருத்தத்தைத்தான்.

அவர் மறைந்து இரண்டு வாரத்தில், எங்கள் வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தவர்கள் வேலை மாற்றலாகி மதுரைக்குப் போனார்கள். என் எண்ணத்தைச் சொன்னபோது, என் மனைவி கேட்டது கோமதி அம்மாள் கேட்டதையேதான்: “ஏங்க, அவிட்டத்துல ஏதும் ஆயிட்டா?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சவரிமுத்து இல்லை. பதில் சொல்லத்தான் சவரிமுத்து இல்லை.

வருகிற மாதம் முதல் அந்தப் பகுதியைக் காப்பகத்திலிருந்து வரும் ஒருவருக்கு வாடகைக்கு விடுகிறேன். ஒப்பந்தத்தை நானே எழுதுவேன். குடியிருப்பவர் நோயுற்றாலும், இறுதிக் காலம் வந்தாலும், அவர் விருப்பமின்றி அவரை அங்கிருந்து எடுத்துச் செல்லலாகாது என்று அதில் ஒரு பிரிவு இருக்கும். நாங்கள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள்; அதை மறைக்கவில்லை. அடைப்பு வந்தால் முறைப்படி எத்தனை மாதமோ அத்தனை மாதமும் அறையைப் பூட்டி வைப்பேன். ஆனால், அவர் போன பிறகுதான் பூட்டுவேன்.