வெறும் ஆணி

எழுபத்தாறு வயதில் எனக்குச் சொந்தச் சுவர் கிடைத்திருக்கிறது. மும்பை செம்பூரில், ஏழாவது மாடியில். குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. போகிற போக்கில் சுவரை ஒரு தடவு தடவிவிட்டுப் போகும் வழக்கத்தை என் மனைவி இன்னும் விடவில்லை.

ஹாலில் ஒரு சுவருக்கு மாம்பழ மஞ்சள் அவள் தேர்வு. பெயிண்ட் கடைக்காரர் நீட்டிய அட்டையில் வெள்ளையிலேயே பதினாறு வகை இருந்தன. "வெள்ளை பாத்தாச்சு, போறும்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டாள். எதிர்வீட்டில் இருப்பவர் ஒரு மராட்டிய அம்மாள். கட்டடமே அவரைக் காக்கூ, அதாவது சித்தி, என்று அழைக்கிறது. முதல் நாளே ஒரு பாத்திரம் அவல் உப்புமாவோடு வந்து, அறை அறையாகப் பார்த்து, திரைச்சீலை நாலு விரற்கடை குட்டை என்று தீர்ப்புச் சொன்னார். குட்டைதான். நான் எடுத்த அளவு.

காலை ஏழு மணிக்குத் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி வரும். பாம் பாம் என்று ஹாரன் கேட்டதும் கட்டட வாசலில் பெண்கள் பாத்திரத்தோடு கூடிவிடுவார்கள். எங்கள் வீட்டில் மாவு அரைத்து வைத்திருக்கும் நாளிலும் என் மனைவி கீழே போகிறாள். கேட்டால் சட்னிக்கு என்கிறாள். சட்னிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

இத்தனை சந்தோஷத்துக்கும் நடுவில், பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு பொருள் பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அது ஒரு நிலைக்கண்ணாடி. மாட்டுங்காவில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த புதிதில், தன் முதல் சம்பளத்தில், பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் அவள் வாங்கியது. கருமரச் சட்டம், ஓரமெல்லாம் இலை இலையாகச் செதுக்கல். லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் மீன்கூடைகளுக்கு நடுவே இருவரும் பிடித்துக்கொண்டு வந்தோம். அப்போது மான்குர்த் பக்கம் ஆபீஸ் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாட்டலாம் என்றாள். கூடாது என்றேன். கொடுத்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு, சுவரில் ஓட்டை விழக் கூடாது என்பது என் வாதம். அப்படி ஒரு விதி இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒருமுறை, நான் வேலைக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சுத்தியல் வாங்கி அவளே ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். மாலையில் வந்தேன். கண்ணாடியை இறக்கினேன். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறட்டால் ஆணியைப் பிடுங்கி, பற்பசை வைத்துத் துளையை அடைத்தேன். என் மனைவி கண்ணாடியைப் படுக்கை விரிப்பில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். அதற்குப் பிறகு சுத்தியலையும் தொடவில்லை.

இனி சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. அங்கே போன ஒன்பதாவது வருடம், வேறு எதையோ தேடும்போது பழைய சுற்றறிக்கை ஒன்று கண்ணில் பட்டது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆணி அடித்துக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒன்பது வருடம் கூடாது என்றவன் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? பிறகும் பத்தொன்பது வருடம் அங்கே இருந்தோம். ஓய்வுக்குப் பின் வாடகை வீடு. அங்கே வீட்டுக்காரரைக் காரணம் காட்டினேன்.

அத்தனை வருடமும் அவள் கைத்தடவலில் கொசுவம் வைத்துத்தான் புடவை கட்டினாள். முதலில் மகள் பார்த்துச் சொல்வாள். மகள் கல்யாணமாகிப் போனபின் என் மனைவி என்னிடம் கேட்பாள், "சரியா இருக்கா?" என்று. செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "இருக்கு" என்பேன்.

போன மாதம் செருப்பு அலமாரி செய்யத் தாராவியிலிருந்து தச்சர் வந்தார். திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அவர் பாய். காக்கூவும் மேற்பார்வைக்கு வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். அலமாரி முடிந்ததும் பாய் பீரோவுக்குப் பின்னாலிருந்து கண்ணாடியை எடுத்துப் பிரித்துப் பார்த்து அசந்துபோனார்.

"என்னா வேலைப்பாடு சார்! எங்க மாட்டணும், சட்டுனு சொல்லுங்க. ஒரு மணிக்கு மேல டிரில் போட்டா வாட்ச்மேன் சீட்டி அடிச்சிக்கிட்டு மேல வந்துருவான்."

"மாட்டவெல்லாம் வேண்டாம் பாய், சாத்தி வெச்சாப் போறும்" என்றாள் என் மனைவி.

"சறுக்கிரும்லாம்மா. ஏன், ஆணி அடிச்சா என்ன?"

"காலி பண்றச்சே ஓட்டையை அடைக்கணுமே."

பாய் சிரித்தார். "சொந்த வீட்ட யாரும்மா காலி பண்ணச் சொல்லப் போறா? இங்க ஆணி அடிக்க யார்ட்ட கேக்கணும்?"

"இவர்ட்டதான்" என்றாள். குத்திக்காட்டவில்லை, மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன் அவளிடம். "குவார்ட்டர்ஸ்ல ஆணி அடிக்கலாம்னுதான் விதி. எழுதிக் குடுத்தாப் போறும். எனக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அங்க போன ஒன்பதாவது வருஷத்துலேர்ந்து."

கணக்கு டீச்சர். விரல் மடக்காமலே "பத்தொன்பது வருஷம்" என்றாள். படுக்கை விரிப்பை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், உள்ளே போய்விட்டாள்.

பாய் டிரில்லைக் கீழே வைத்தார். "நா வேணும்னா சாயா குடிச்சிட்டு வாரேன் சார்."

காக்கூவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நடந்தது புரிந்துவிட்டது. "க்யா கியா ஆப்னே?" என்று கேட்டார். என்ன செய்தேன் என்பதை இந்தியில் விளக்க எனக்குத் தெம்பில்லை. "கல்தி" என்றேன். தப்புத்தான் என்று அவரும் தலையாட்டினார்.

கடிகாரத்தில் பன்னிரண்டே கால். அடுக்களையில் ஒரு சத்தமும் இல்லை. பன்னிரண்டு இருபதுக்கு வெளியே வந்தாள், கையில் பென்சிலோடு. என் பக்கம் திரும்பவே இல்லை.

"பாய், இங்க கண்ணாடி" என்று படுக்கையறைச் சுவரில் ஒரு புள்ளி வைத்தாள். "இங்க பொண்ணு கல்யாணப் போட்டோ. இங்க காலண்டர். சாவிக்கு ஒண்ணு. குடைக்கு ஒண்ணு." கடைசியில் ஹாலுக்கு வந்து, மாம்பழ மஞ்சள் சுவரின் நட்டநடுவில் ஒரு புள்ளி.

"இதுல என்னம்மா மாட்டணும்?"

"ஒண்ணும் வேண்டாம். ஆணி மட்டும் இருக்கட்டும்."

"வெறும் ஆணியா?"

"வெறும் ஆணி."

பாய் என்னைப் பார்த்தார். "அடிங்க பாய்" என்றேன். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி ஆணியும் ஏறிவிட்டது. காக்கூ கைதட்டினார்.

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில், இட்லிக்காரரின் சட்னியில் இன்று காரம் தூக்கல் என்றாள். உலகத்தில் அதைவிட நல்ல செய்தி எனக்கு வந்ததில்லை.

இப்போது கண்ணாடி முன் நின்று, முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து நிதானமாகப் புடவை கட்டுகிறாள். சரியா இருக்கா என்று கேட்பதில்லை. கேட்க மாட்டாளா என்று நான் செய்தித்தாளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வருகிற எல்லோரும் மஞ்சள் சுவரைப் பார்த்து, அங்கே என்ன மாட்டப்போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். "இவர்ட்ட கேளுங்கோ" என்று அவள் காபி கலக்கப் போய்விடுவாள். நான் சொல்கிறேன், எதையும் மறைக்காமல். இதுவரை பதினோரு பேரிடம் சொல்லியாயிற்று. கீழே தோட்டத்து பெஞ்சில் உட்காரும் பஞ்சாபிக்காரர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் என்னிடம் பாயின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

முந்தாநாள் மார்க்கெட்டிலிருந்து வந்தவன், ஞாபகமில்லாமல் காலிப் பையை அந்த ஆணியில் மாட்டிவிட்டேன். அவள் வந்து பையை எடுத்து நாற்காலியில் போட்டாள்.

"இதுல எதையும் மாட்டக் கூடாது."

அது எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.