ஐந்து கறுப்பு வட்டங்கள்

டென்மார்க்கில், எங்கள் ரண்டர்ஸ் நகரில் பனி என்று சொல்லக்கூடியது வருசத்தில் நாலு நாள் விழும். ஐந்தாம் நாள் சேறாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் பனிச்சறுக்கியபடி துவக்குச் சுடும் விளையாட்டைப் பழக்க ஒரு நோர்வேக்காரர் வந்து சேர்ந்தார். எத்தனையோ விளையாட்டு இருக்க, எங்கள் பதின்மூன்று வயது மகள் அதில்தான் போய்ச் சேர்ந்தாள். சக்கரம் பூட்டிய சறுக்குப் பலகையில் தார் வீதியில் ஓடிவந்து, மூச்சிரைக்கப் படுத்து, ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும். குண்டு பட்டால் கறுப்பு விழுந்து வட்டம் வெள்ளையாகும்.

“துவக்கு வேண்டாமெண்டுதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்?” என்று கணவர் கத்தினார். நான் வாய் திறந்தால் குரலே என்னை மகளிடம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

இலங்கையில் சண்டை முற்றியிருந்த காலத்தில், பத்தொன்பது வயதில், என்னையும் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் துவக்கோடு இருந்தேன். பிறகு, அந்தக் காலம் முழுக்க மன்னாரில் கன்னியர் மடத்தில் இருந்ததாக அம்மா சொல்லிக்கொடுத்ததையே எல்லாருக்கும் ஒப்புவித்தேன். கணவரிடம் மட்டும் கலியாணமாகி இரண்டாம் வருசம் உண்மையைச் சொன்னேன். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, “பிள்ளைக்குத் தெரியக்கூடாது” என்றார். அன்றுமுதல் நாங்கள் இரண்டு பேருமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வந்தோம்.

பயிற்சியாளர் அறுபதை நெருங்கியவர். நெடுவல், சிரிப்பதற்கே யோசிக்கிற ஆள். கோப்பி இடைவேளையில் பெற்றோரிடம் தன் கதையைச் சொல்வார். அவருடைய நோர்வே மொழி எனக்கு அரைவாசி விளங்கும். இளமையில் தன் நாட்டுக்காக ஓடியவர். ஒரு பெரிய போட்டியில் எல்லாருக்கும் முன்னால் வந்து, கடைசிக் குண்டைத் தவறவிட்டாராம். அதற்காகத் தண்டனைச் சுற்று ஓடி முடிக்க நாலாவது ஆளாகிவிட்டார். பிறகு அணியில் எடுக்கவில்லை. தன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கி, இளையோர் அணிக்குப் போய், அங்கே மேலிடத்தோடு முட்டிக்கொண்டு விலகினார். டென்மார்க்காரி மனைவியோடு இங்கே வந்தார். அந்த மனைவியும் விட்டுப் போய்விட்டார். மிஞ்சியது எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேர்.

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் படுகிற பாடு விளங்கட்டும் என்று பெற்றோரையும் சுடச் சொன்னார். ஒரு தகப்பனுக்கு ஒன்றுகூட விழவில்லை. ஒரு தாய்க்கு ஒன்று விழ, அவர் போட்ட கூச்சலில் காகங்கள் எழும்பின. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். மறுத்தால்தான் சந்தேகம் வரும். ஐந்தையும் தவறவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டே படுத்தேன்.

முதலாவது விழுந்தது. தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவதைத் தவறவிடு என்று மனம் சொன்னது, விரல் கேட்கவில்லை. ஐந்து வட்டங்களும் வெள்ளையாகின. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. முதியோர் இல்லத்தில் பத்து வருசமாகக் கழுவித் துடைக்கிற இந்தக் கைகளை அதற்கு முன் யாரும் கைதட்டிப் பாராட்டியதில்லை. அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

மகள் துள்ளிக் குதித்தாள். பயிற்சியாளர் மட்டும் கைதட்டவில்லை. பக்கத்தில் குந்தி, “எங்கே பழகினீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அதிர்ஷ்டம்” என்றேன்.

“அடுத்த குண்டு ஏற்றும்போது நீங்கள் துவக்கிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது வர இரண்டு வருசம் எடுக்கும்.” பிறகு, ஆறுதல் சொல்கிறவரைப் போல, “நான் தவறவிட்ட அந்த ஒன்று இன்றைக்கும் கனவில் வருகிறது” என்றார்.

பாவம், அவருக்குத் தவறியது வருகிறது. எனக்குத் தவறாதது வருகிறது. நிமிர்ந்து பார்த்தேன். மகள் அவருக்குப் பின்னால் நின்றாள். துள்ளல் நின்றிருந்தது.

காரில் ஏறியதும், அவரிடம் ஏன் பொய் சொன்னேன் என்று டேனிஷில் கேட்டாள். நான் இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டினேன். மனிதரைச் சுட்டிருக்கிறேனா என்று கேட்டாள். இன்னொரு பொய் ஆயத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“ஓம். பிடிச்சுக்கொண்டு போனவை. சுடச் சொன்னவை, சுட்டனான்.”

எப்போதும் டேனிஷிலேயே பதில் சொல்கிறவள், தமிழில் கேட்டாள்: “செத்தவையோ?”

“ஒருத்தர் விழுந்தவர். பிறகு எழும்பேல்லை.”

வீடு வரும்வரை அவள் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழமை முழுக்க என்னோடு கதைக்கவில்லை. விளையாட்டை விட்டுவிடுவாள், கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று கணவரும் நானும் மாறி மாறித் தேற்றிக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை, எதற்கும் இருக்கட்டும் என்று காரை இயக்கிவிட்டுக் காத்திருந்தேன். அதே பயிற்சிக்கு வரும் அவளுடைய தோழியின் தாய் தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மகள் சறுக்குப் பலகையையும் தலைக்கவசத்தையும் தூக்கிக்கொண்டு, நான் இருந்த காரைக் கடந்து போய், அதில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.