பெற்றிசியா பூசிய ஈயம்

மன்னார்த் தீவின் கீரிக் கிராமத்தில் இருந்த பெற்றிசியா பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். மாமனார் செய்த வேலையைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே பழகிக்கொண்டார். மன்னார் நகரத்து முஸ்லிம் வீடுகளின் பெரிய சட்டிகளும் கரையோரத்துக் கத்தோலிக்கக் கோயில்களின் சமையல் கிடாரங்களும் அவரிடம்தான் வந்தன. பூசி முடித்த பாத்திரத்தை உடனே கொடுக்கமாட்டார். தேசிக்காய் பிழிந்த புளியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு நாள் முழுக்க வைத்திருப்பார். ஊசிமுனை அளவு பச்சைக் களிம்பு தெரிந்தாலும் மறுபடி நெருப்பில் ஏற்றுவார்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் ஈயம் கிடைப்பதே பெரும்பாடு. அப்படியிருந்தும் ஒரு கரையூர்க் கோயிலின் பெருநாளுக்கென்று அவர்களுடைய கிடாரத்தைப் பூசிக் கொடுத்தார். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். கிடாரத்தை எடுக்க வந்த வள்ளங்களுக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியும் பெருநாள் குழுத் தலைவருமான செபமாலையிடம், உட்புறத்தில் மணலோ தேங்காய்ப் பொச்சோ படக்கூடாது, துணியால் துடைத்தாற் போதும் என்று இரண்டு தரம் சொல்லித்தான் அனுப்பினார்.

பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் அதில் மீன் புளிக்குழம்பு காய்ச்சினார்கள். மிஞ்சியதை அதிலேயே விட்டு மறுநாள் மத்தியானமும் பரிமாறினார்கள். சாப்பிட்டவர்களில் நாற்பது பேர் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிவில் குழுவின் அறிவித்தல் வாசிக்கப்பட்டது: கீரிப் பெற்றிசியா ஈயத்தைச் சரியாகப் பூசாததே காரணம். ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிடாரத்துக்குள் எட்டிப் பார்க்கவுமில்லை. அந்த வாரமே மன்னார் நகரத்து ஸுஹறா வீட்டார், பூசக் கொடுத்திருந்த சட்டியைப் பூசாமலே திருப்பி எடுத்துப் போனார்கள். பிறகு வேலையே வரவில்லை.

பெற்றிசியா நடந்தே அந்த ஊருக்குப் போனார். கோயில் குசினியில் கிடாரம் கவிழ்த்துக் கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தார். உட்புறம் மஞ்சளாகப் பளபளத்தது. பங்குச் சாமியாரையும் செபமாலையையும் கூப்பிட்டு, இதை யார் தேய்த்தது என்று கேட்டார்.

அன்று சொல்லியனுப்பியது செபமாலைக்கு ஞாபகமே இல்லை, பெருமைதான். "உள்ளுக்கு ஒரே சாம்பல் நிற ஊத்தை, தங்கச்சி. சமைக்கிறதுக்கு முதல் கடல் மணலும் பழப்புளியும் போட்டு நாலு பேர் அரை நாள் தேய்ச்சவை. இப்ப பாரும், பொன் மாதிரி."

"அந்த ஊத்தைதான் அண்ணை, நான் பூசின ஈயம்."

கிடாரத்தின் கழுத்து மடிப்பின் உள்ளே, தேய்த்தவர்களின் கை போகாத இடத்தில், சாம்பல் நிறம் ஒரு விரலகலம் மிஞ்சியிருந்தது. சாமியாரின் விரலைப் பிடித்து அதைத் தொடவைத்தார். ஈயம் போன பித்தளையில் புளி கிடந்தால் நஞ்சான களிம்பு ஊறும். இது சமைக்கிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

"சனத்துக்கு வாந்தி வருத்தமெல்லாம் மாறீற்றுதுதானே," என்றார் செபமாலை. "இனி ஏன் அதைக் கிளறவேணும்?"

பழியைப் பெயர் சொல்லி வாசித்தவர்கள் திருத்தத்தை அடுத்த ஞாயிறு எப்படி வாசித்தார்கள் தெரியுமா? "ஒரு தவறு நடந்துவிட்டது, சம்பந்தப்பட்டவர்கள் மன்னிக்கவும்." யாருடைய தவறு, யார் மன்னிக்க வேண்டும், ஒன்றும் இல்லை. அதோடு, கிடாரத்தை மறுபடி பூசித் தரும்படி ஆளும் அனுப்பினார்கள்.

பெற்றிசியா மறுக்கவில்லை. அந்தக் கிடாரத்தில் இன்னொரு தரம் சமைத்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: ஞாயிறு பூசை முடிகிற நேரம், கோயில் வாசலில் வைத்துத்தான் பூசுவேன், நெருப்பு ஊதும் துருத்தியைச் செபமாலை அண்ணைதான் இழுக்க வேண்டும்.

சனம் வெளியே வந்தபோது செபமாலை வெள்ளை வேட்டியோடு கரிப்புகைக்குள் குந்தியிருந்து துருத்தி இழுத்துக்கொண்டிருந்தார். போகிறவர்கள் எல்லாரும் நின்று, என்ன சம்மாட்டியார், இதென்ன வேலை என்று கேட்டார்கள். அவர் பெற்றிசியாவைப் பார்த்தார். பெற்றிசியா ஈயம் ஒட்டுவதற்கான நவச்சாரத் தூளைத் தூவியபடி தலை நிமிராமல் சொன்னார்:

"கேக்கினமல்லோ அண்ணை. சொல்லுங்கோ."

பூசிய ஈயத்தைத் தேய்த்தெடுத்தது தாங்கள்தான் என்று ஒவ்வொருவருக்கும் அவரே சொல்ல வேண்டியிருந்தது. குரல் தாழ்ந்த இடத்தில், பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லையாம் என்று சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தார் பெற்றிசியா.