யார் வேண்டுமானாலும் சோதிக்கக்கூடிய லிஃப்ட்

லிஃப்ட் சோதனைக்காரருக்கு அம்மா முகம் நினைவில்லை. வளர்த்ததெல்லாம் அக்கா. அந்த அக்கா இப்போது மகனோடு ஏழாவது மாடியில் இருந்தாள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. லிஃப்ட் இல்லாவிட்டால் வெளியுலகம் இல்லை.

முப்பது வருஷம் அவர் அரசாங்க வேலையில் இருந்தார். லிஃப்டைத் தொங்கவிடும் கம்பிக் கயிற்றில் பழைய பனியன் துணியைச் சுற்றிப் பிடித்து, மெதுவாக ஓட்டச் சொல்வார். துணியின் ஓர் இழை மாட்டினாலும் கயிற்றில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே லிஃப்டுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. இனி அரசாங்கச் சோதனை கிடையாது; யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம், கட்டடக்காரர் இஷ்டப்பட்டவரைக் கூப்பிடலாம். அதை எழுதிய பொருளாதாரப் படிப்பாளிகளில் அக்கா மகனும் ஒருவன். பூட்டுப் போடுகிறவரை எவன் கூப்பிடுவான்? சோதனைக்காரர் ஈ ஓட்டினார்.

"மட்டமா வேலை செய்றவனைச் சந்தையே ஒதுக்கிடும் மாமா. நீங்க எதுக்குக் கவலைப்படுறீங்க?"

"அவன் மட்டம்னு சந்தைக்கு எப்படிடா தெரியும்?"

"எங்கயாவது ஒண்ணு தப்பாப் போச்சுன்னா தன்னால தெரிஞ்சிடும்."

"ஒண்ணுன்னா? எத்தனை பேரு அதுல?"

மருமகன் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தான்.

போன வாரம் காவல்காரரைக் கெஞ்சிச் சாவி வாங்கி, அக்கா கட்டடத்தின் உச்சியிலிருந்த லிஃப்ட் மோட்டார் அறைக்கு ஏறினார். துணி நார் நாராகக் கிழிந்து வந்தது. கயிறு ஓடும் சக்கரத்தின் அடியில் மிளகாய்ப்பொடி கொட்டினாற்போல் துரு. ஓடிப்போய்க் கட்டடக்காரரிடம் சொன்னார்.

"நேத்துதான் ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாரு. பத்தே நிமிஷம்! உங்களை யாரு கூப்பிட்டா?"

பூட்டும் அதிகாரம் இப்போது அவரிடம் இல்லை.

இன்று அக்காவுக்கு ஆஸ்பத்திரி. லிஃப்ட் வாசலில் மறித்து நின்றார்.

"ஏறாதக்கா. கயிறு நைஞ்சு கிடக்கு. நான் தூக்கிட்டு இறங்குறேன்."

"நீயா? மொதல்ல உன் இடுப்புக்கு ஒரு டாக்டரைப் பாரு. நகரு."

தடியை ஊன்றி உள்ளே போய்விட்டாள். இவரும் பின்னாலேயே ஏறி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மருமகன் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு ஒரு காலை உள்ளே வைத்தான். மேலே எங்கோ, பல்லில் மண் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம். அவன் நிமிர்ந்து பார்த்தான். மாமாவைப் பார்த்தான். வைத்த காலை எடுத்துக்கொண்டான்.

"நீங்க போங்க. நான் படியில வர்றேன்."

"ஏன்டா, இவ்வளவு இடம் கிடக்கே!" என்றாள் அக்கா.

கதவு சாத்திக்கொண்டது.